பங்களா பலகையில் விழுந்த ஓட்டைகள்

பங்களாவுக்குச் சொந்தக்காரரான துரை கொழும்பிலிருந்து போன் எடுத்தார். மூன்று பேர் வருவார்கள், வாத்தியம் வாசிக்கிறவர்கள், ஒரு கிழமை, ஏழு நாள், தங்குவார்கள், சாவியைக் கொடு என்றார். யார், எவர் என்று நான் கேட்கவில்லை. துரையிடம் கேட்டுப் பழக்கமில்லை.

ரத்தோட்டைப் பக்கம் ஒரு பழைய பங்களாவுக்கு நான் வாச்சர். சுற்றிலும் மிளகும் சாதிக்காயும். பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற அறையில் நானும் மனைவியும் இருக்கிறோம். வேலை போனால் அறையும் போகும். எனக்கு முன்னால் இருந்த வாச்சருக்கு அப்படித்தான் போனது. பறவை படம் எடுக்க வந்தோம் என்று சொல்லிச் சிலர் வந்தார்கள். அவர் நம்பினார். அவர்கள் பாறைக்கு அடியில் புதையல் தோண்டினார்கள். பொலிஸ் வந்தபோது ஆட்கள் இல்லை. குழியும் வாச்சரும்தான் மிச்சம். அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கையைப் பார்ப்பேன்.

இந்த மூன்று பேரும் வேனில் வந்தார்கள். ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், தமிழ் ஆள். ஒரு இளவட்டம், சிங்களம். ஒரு வயசாளி, அவரும் சிங்களம். மூன்று பேருக்கும் இடது கை விரல் நுனி காய்த்திருந்தது. வலது கையில் ஒன்றுமில்லை. மண்வெட்டி பிடித்தால் உள்ளங்கை காய்க்கும். விரல் நுனி மட்டும் எப்படிக் காய்க்கும்? எனக்கு விளங்கவில்லை. விளங்காததை நான் நல்லது என்று எடுப்பதில்லை.

பெட்டியும் மூன்று. இரண்டு சின்னது. ஒன்று ஆள் உயரம். தூக்கப் போனேன். வயசாளி கையைத் தட்டிவிட்டார்.

"வேணாம் வேணாம், நான் தூக்குறேன்" என்று சிங்களத்தில் சொன்னார்.

உள்ளே போனதும் அவர்கள் சாமான் பிரிக்கவில்லை. அறை அறையாகப் போய்க் கை தட்டினார்கள். தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்கள். சாப்பாட்டு அறைக்கு வந்ததும் அந்தப் பெண் குதிகாலால் பலகைத் தரையை இடித்துப் பார்த்தது.

"இங்கதான். அடியில வெத்து. நல்லாக் கேக்குது" என்றது.

நான் சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"புதையல்காரன்தான் வெத்து இடம் தேடுவான்."

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு யாரத்தான் புடிச்சிருக்கு? எங்கம்மாவையே பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி பொலிஸ் மாதிரி விசாரிச்ச ஆளு."

"விசாரிச்சது நல்லதுதான."

"ஆமா, அதனாலதான் எங்கம்மா இன்னும் இந்தப் பக்கமே வரல."

வாசிக்கும்போது உள்ளே வர வேண்டாம் என்றார்கள். சன்னல் எல்லாம் சாத்தினார்கள். வெயில் காலத்தில் யார் சன்னல் சாத்துவார்? வெளியில் நின்று கேட்டேன். முழுதாக ஒன்று வாசிக்கவில்லை. கொஞ்சம் வாசித்தார்கள், நிறுத்தினார்கள், சண்டை போட்டார்கள், திரும்ப அதே கொஞ்சம். எங்கள் கோயில் மேளக்காரர் தப்பாக வாசித்தாலும் நிறுத்த மாட்டார். சாமி தெருவில் நிற்கும்போது எப்படி நிறுத்துவது? இவர்கள் வேறு ஏதோ சத்தத்தை மறைக்கத்தான் வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு ஆளாகக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நாங்கள் அறிந்த வரையில் வாத்தியம் அப்பனிடமிருந்து வரும். மேளமும் அப்படி, தப்புப் பறையும் அப்படி. அதனால் மூன்று பேரிடமும் அதையே கேட்டேன்.

அந்தப் பெண் வராந்தாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

"மிஸ், உங்கப்பா என்னா வாசிச்சாரு?"

"எங்கப்பா ரயில் கார்ட் அண்ணே. அவரு ஊதினது விசில் மட்டும்தான்."

சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கண்டியில் கன்னியாஸ்திரி ஒருவர் வயலின் சொல்லிக்கொடுத்தாராம். பிறகு கொழும்பில் பணக்காரப் பிள்ளைகளுக்கு வகுப்பு. "அதுகளுக்கு ஆசை இல்ல, அம்மாமாருக்குத்தான் ஆசை" என்றது.

இளவட்டத்துக்கு ஊர் தம்புள்ளை. அப்பா பொருளாதார மையம் என்கிற மொத்தச் சந்தையில் மரக்கறி வியாபாரம். இவன் பள்ளிக்கூடத்தில் வயலின் படித்தான். பெரிய படிப்புக்குப் போன இடத்தில் எல்லாரிடமும் வயலின் இருந்தது. அதைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. வாத்தியார் அதை இவன் கையில் கொடுத்துவிட்டார். இப்போது ஹோட்டல் கல்யாணங்களில் வாசிக்கிறான்.

"யாரும் கேக்க மாட்டாங்க. பிளேட் சத்தத்துக்கு மேல வாசிக்கணும்" என்றான். அப்பா இன்னும் லொறிக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறாராம்.

வயசாளி சொன்னதுதான் என்னைக் கலக்கியது. பொலிஸ் பேண்டில் பெரிய பித்தளைக் குழல் ஊதினவராம். நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. இனி ஊதக் கூடாது என்று டொக்டர் சொன்னார். மூச்சு வேண்டாத வாத்தியம் எது என்று தேடி, நரை விழுந்த பிறகு இந்த ஆள் உயர வயலினைப் படித்தாராம்.

பொலிஸ் என்றதும் எனக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. போன முறை தோண்ட வந்தவர்களோடும் ஒரு பழைய பொலிஸ்காரன் இருந்தான் என்று ஊரில் பேச்சு.

கடைசியாக, எங்கே பழக்கம் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். பெண் சேர்ச்சில் என்றது. இளவட்டம் ஹோட்டல் கல்யாணத்தில் என்றான். வயசாளி செத்த வீட்டில் என்றார். மூன்று வாய், மூன்று கதை.

பொலிசுக்குச் சொல்லலாம். இவர்கள் உண்மையான ஆட்களாக இருந்தால் துரை என்னை விரட்டுவார். சொல்லாமல் இருந்து இவர்கள் தோண்டிவிட்டால் பொலிஸ் என்னை ஏற்றும். இரண்டிலும் அறை போகும்.

ஒரு காலை மூன்று பேரும் மாத்தளை டவுனுக்குப் போனார்கள், கோயிலும் மார்க்கெட்டும் பார்க்க. நான் கூட்டுமாறோடு சாப்பாட்டு அறைக்குள் போனேன். தேக்குப் பலகையில் ஓட்டைகள். ஏழெட்டு இருக்கும். ஆணி அளவு, ஆழமாக. பக்கத்தில் வெள்ளைப் பொடி சிந்தியிருந்தது. அவர்கள் உட்காரும் கதிரையில் ஒரு துணி. பிரித்தேன். குங்கிலியக் கட்டி.

சிங்கள ஊர்களில் பேய் ஓட்டுகிறவர் தீப்பந்தத்தில் குங்கிலியப் பொடி எறிவார். புதையல் தோண்ட முன்னும் அதே பூசைதான். ஓட்டை போட்டுப் பார்த்திருக்கிறார்கள், பூசைக்கும் சாமான் வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பெரிய பெட்டியைத் தூக்கினேன். இரும்பு கிடக்கும் என்று நினைத்தேன். பாரமில்லை. அதையும் நான் நம்பவில்லை. மிளகு ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் சொருகி வாசலில் உட்கார்ந்தேன்.

வேன் வந்தது. வயசாளி உள்ளே போய், வெளியே ஓடி வந்தார்.

"பெட்டி எங்க?"

"ஸ்டோர்ல."

ஸ்டோரின் தகரக் கூரையை நிமிர்ந்து பார்த்தார். ஏன் எடுத்தாய், நீ யார், ஒன்றும் கேட்கவில்லை.

"உள்ள ரொம்ப சூடா?" என்று கேட்டார்.

களவாணி அப்படிக் கேட்பானா என்று ஒரு யோசனை வந்தது. ஆனாலும் எழும்பவில்லை.

"பலகையில ஓட்டை ஏன்னு சொல்லுங்க. பிறகு திறக்குறேன்."

"திற. காட்டுறேன். சூட்டுல மரம் வெடிச்சிரும்."

திறந்தேன். அவர் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் பெட்டியைப் பிரித்து, வயலினைத் தடவித் தடவிப் பார்த்தார். மரம் வெடிக்கவில்லை. பிறகு அதன் அடியிலிருந்து ஒரு கம்பியை இழுத்தார். நுனி ஊசி மாதிரி. அதைத் தரையில் ஊன்றினால்தான் வழுக்காதாம். வில் தந்தியைப் பிடிக்க என்று குங்கிலியத்தை வில்லில் தேய்த்தார். மூட்டையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல் ஒன்றை முழுதாக வாசித்தார். அவர்கள் வந்ததிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாசிப்பு. நான் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்ததும் மண் தரையில் ஒரு ஓட்டை இருந்தது. அதே அளவு. தேய்த்த வில்லிலிருந்து அதே பொடி.

"அப்ப மூணு கதை சொன்னீங்களே, எங்க பழக்கம்னு?"

அந்தப் பெண் சொன்னது: "நானும் இவரும் சேர்ச்ல. தம்பியும் நானும் கல்யாணத்துல. இவங்க ரெண்டு பேரும் செத்த வீட்டுல. மூணும் சரிதான் அண்ணே. நீங்க ஒண்ணா வச்சுக் கேட்டிருந்தா ஒண்ணாவே சொல்லியிருப்போம்."

இளவட்டம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சரி" என்றேன். "நீங்க களவாணி இல்ல. ஆனா ஓட்டை இருக்குதான? தொர கேட்டா நான் என்னா சொல்ல?"

அப்போதுதான் அவர்களுக்கு என் நிலைமை விளங்கியது. சிரிப்பு நின்றது. வயசாளியே துரைக்குப் போன் எடுத்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னார். பிறகு போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து என்னிடம் நீட்டினார்.

"தேக்குல ஓட்டை விழுறவரைக்கும் நீ எங்க இருந்த?"

"வெளியில தொர. உள்ள வர வேணாம்னாங்க."

"என் விருந்தாளி பெட்டியப் பூட்டினியாமே?"

"ஆமா தொர."

வயசாளி போனுக்குக் கிட்டே வந்து சிங்களத்தில் சொன்னார்: "நான் இத்தன வருசம் பொலிஸ்ல இருந்தேன். இவர் மாதிரி ஒரு ஆள வாசல்ல கண்டதில்ல."

துரை ஒரு மாதிரி இருமினார். சிரிப்பா, கோபமா, தெரியவில்லை. "விழுந்தது விழுந்துச்சு. இன்னும் ஒரு ஓட்டை விழுந்தா நீ சாமானக் கட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்று போனை வைத்தார்.

சாதிக்காய்ப் பெட்டியின் பலகை ஒன்றை அறுத்தேன். நடுவில் கம்பி நிற்க ஒரு குழி. அடியில் பழைய ட்யூப் ரப்பர் அடித்தேன், வழுக்காமல் இருக்க. பிறகு வயசாளி அதில்தான் கம்பியை ஊன்றினார். அன்றிலிருந்து உள்ளே வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். அவர்கள் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்கள், சண்டை போட்டார்கள். நான் சுவரோரம் குந்தியிருந்தேன்.

போகிற நாளில், சாமான் ஏற்ற முன், மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்து மூன்று பேரும் முழுதாக வாசித்தார்கள். நீளமாகப் போனது. மனைவி கண்ணைத் துடைத்தாள். வேன் கேட்டைத் தாண்டியதும் என்னிடம் கேட்டாள்.

"எப்பிடி இருந்துச்சு?"

"பலகை அசையல" என்றேன்.