நாட்டுச் சராசரியும் மூன்று விடைத்தாள்களும்

பள்ளிக்கூடத்தில் அவருக்குச் 'சராசரி டீச்சர்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். இருபத்தாறு வருட வேலையில் பாதியை டீச்சர் கூட்டி வகுப்பதிலேயே கழித்திருந்தார். பஸ் ஓட்டும் கணவர்கூட சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, "இன்னிக்கு உப்பு நாட்டுச் சராசரிக்கு மேலயா கீழயா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடம் ஒருமுறை நாடு முழுக்க ஒரே வாசிப்புத் தேர்வு. விடைத்தாள்களை அந்தந்தப் பள்ளியே திருத்தி, மதிப்பெண்ணை மட்டும் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும். போன வருடம் நாடு மொத்தமும் எடுத்த சராசரிதான் அளவுகோல். அதோடு தங்கள் பள்ளியை ஒப்பிட்டு அட்டவணை போடுவது டீச்சரின் பொறுப்பு. மூன்று வருடமாகப் பள்ளி இரண்டு மூன்று மதிப்பெண் கீழேயே கிடந்தது. "இந்த வருஷமாவது என் மூஞ்சில கரியப் பூசாம இருங்க டீச்சர்" என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நம்பி யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

இந்த வருடம் அளவுகோல் ஐம்பத்தெட்டு. பள்ளியின் ஒரே மூன்றாம் வகுப்பான டீச்சர் வகுப்பில் முப்பத்துநான்கு பேர் எழுதினார்கள். ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையில் திருத்தி முடித்து வகுத்துப் பார்த்தால் ஐம்பத்தைந்து. மறுபடி கூட்டினார். கணக்கு அசைந்து கொடுக்கவில்லை. மூன்று தாள்கள் மட்டும் காலை வாரிவிட்டிருந்தன. எட்டு, பத்து, பன்னிரண்டு.

விதிமுறையில் ஒரு வரி உண்டு. தேர்வுக்கு வராத பிள்ளை கணக்கில் சேராது. அந்த வரி எல்லா வருடமும்தான் இருந்தது, டீச்சரின் கண்ணில் பட்டதில்லை. அன்றைக்குப் பட்டது. மூன்று தாள்களையும் எடுத்துத் தனியாக வைத்தார். பட்டியலில் அந்த மூன்று பேருக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதினார். மிச்சம் முப்பத்தொரு பேருக்கு வகுத்தால் ஐம்பத்தொன்பதைத் தாண்டியது. யார் குடியும் கெட்டுவிடப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

தலைமையாசிரியை அறைச் சுவரில் ஒரு பாராட்டுச் சான்றிதழ் ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சரும் தட்டினார்.

ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு போனது. அதில் பிள்ளையின் மதிப்பெண், பள்ளியின் சராசரி, நாட்டின் சராசரி. டீச்சர் யோசிக்காமல் விட்டது இந்தச் சீட்டைத்தான். மறுநாள் காலை கடைத்தெருத் தையல்காரி தன் மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"பரீட்சைக்கு வரலன்னு போட்டிருக்கு டீச்சர். நான்தான் அன்னிக்கு இவள ஸ்கூல் கேட்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டேன். அப்புறம் எங்க போய்ச் சுத்தினான்னு கேட்டா, எழுதினேன் எழுதினேன்னு ஒரே பொய்."

"எழுதினேன்மா. ஜன்னல் பக்கம் உக்காந்து எழுதினேன். டீச்சர் எனக்குப் பென்சில் சீவிக் குடுத்தாங்க" என்றாள் பெண். சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஆமாம் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை முகத்தில் அப்படியே இருந்தது.

பென்சில் சீவிக் கொடுத்தது டீச்சருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"லிஸ்ட்ல அப்படித்தான்மா இருக்கு" என்றார்.

அடி விழுந்த சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. பெண் அழவில்லை. அன்றிலிருந்து டீச்சரிடம் எதுவும் கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அன்று இரவு கணவர் உப்பைப் பற்றிக் கேட்டபோது டீச்சர் எரிந்து விழுந்தார்.

புது வகுப்பு தொடங்கிய வாரம் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அளவுகோலுக்குக் கீழே உள்ள பள்ளிகளுக்கு, வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்றே ஓர் ஆசிரியர், இரண்டு வருடத்துக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி ஐம்பத்தேழு எடுத்திருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது. இவர்கள் பள்ளிக்குச் சுவரில் சான்றிதழ் இருந்தது.

டீச்சர் வீட்டுக்குப் போய் அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து மூன்று தாள்களையும் எடுத்தார். தையல்காரி மகளின் தாளில் முக்கால்வாசி இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆனால் ஆறு பக்கத்திலும், கேட்காமலே, உச்சியில் தன் பெயரைக் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். ஒரு குழந்தையைப் பொய்க்காரி ஆக்கியவள் தான்தான் என்பதை அதற்குமேல் தன்னிடமே மறைக்க அவரால் முடியவில்லை.

நடந்ததை எழுதி, சரியான சராசரி ஐம்பத்தைந்து என்று போட்டு, தலைமையாசிரியை மேஜையில் வைத்தார்.

"பைத்தியமா உங்களுக்கு? வேலையே போயிடும்."

"போகட்டும் மேடம். அந்த வாசிப்பு டீச்சர் நமக்கு வரணும். நீங்க அனுப்பலன்னா நானே நேர்ல கொண்டுபோய்க் குடுப்பேன்."

அன்று மாலையே தையல் கடைக்குப் போனார். பெண் தரையில் உட்கார்ந்து பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தாளை அவள் அம்மாவிடம் நீட்டி, எதையும் மென்று முழுங்காமல் சொன்னார். மெஷின் நின்றது.

"அத்தன பேருக்கு முன்னாடி அவள அடிச்சேனே டீச்சர்" என்றாள் தையல்காரி. "நீங்க பாத்துட்டு நின்னீங்களே."

பெண் எழுந்து வந்து தாளை வாங்கி, தன் பெயரை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள்.

"எனக்கு எத்தன டீச்சர்?" ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி.

"பத்து."

"எல்லா ஊருக்கும் சேத்து?"

"ஐம்பத்தெட்டு."

பெண் தாளை நாலாக மடித்தாள்.

"அந்தப் பத்தையாவது போட்டிருக்கலாமே டீச்சர். நான் வந்தேன்ல."