குடைகளுக்கு நடுவே பெரியவன்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் குடையும் மழைக்கோட்டும் விற்றவர் அமானுல்லா பாய். மழை பெய்தால்தான் அவருக்கு வியாபாரம். அந்த மழையே ஆகாத தூண் கள்ளிகளை அவர் மொட்டைமாடியில் வளர்த்தது தெருவுக்கே வேடிக்கை.

"இன்னா பாய், எங்களுக்குக் குடைய விக்கிற, கள்ளிக்கு மட்டும் சும்மா புடிக்கிற?" என்பார் எதிர்க்கடை தாவீது.

"அதுங்க பேரம் பேசறதில்ல அண்ணாத்த."

தொண்ணூற்றெட்டு வாக்கில் நானும் அந்தத் தெருவில் குடியிருந்தேன். எங்கள் ஊரில் கள்ளி என்றால் வேலி. அதற்குக் கூரை போட்ட மனிதரை அங்கேதான் பார்த்தேன். ஐப்பசி பிறந்ததும் மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டுவார். காற்று புகுந்து போகப் பக்கங்களைத் திறந்து விடுவார். தீபாவளியோடு தண்ணீரை நிறுத்தினால் மாசியில்தான் மறுபடி. அதுவரை கள்ளிகள் வளராது. தண்டின் வரிகள் உள்வாங்கி, சற்று மெலிந்து நிற்கும்.

"தூங்கிகினு கீதுங்க. தூங்கறவன் வாயில கஞ்சி ஊத்துனா இன்னா ஆவும்?" என்பார்.

எல்லாவற்றிலும் உயரமானதற்குப் பெரியவன் என்று பெயர். அவர் மனைவி லத்தீஃபா வைத்தது. விரல் அளவுத் துண்டாக வந்தது, பாயின் தலையைத் தாண்டியிருந்தது. வரும் கோடையில் பூக்கும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த மார்கழியில் மகளுக்குப் பிரசவம் என்று இருவரும் வாணியம்பாடி போனார்கள். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுச் சங்கரி அக்காவிடம். அக்கா தூத்துக்குடிக்காரர், கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை.

"தார்ப்பாய் பறக்காம பாத்துக்கம்மா. ஒரு சொட்டு மழை படக்கூடாது" என்று பாய் திரும்பத் திரும்பச் சொன்னார். வானத்துத் தண்ணீரைப் பற்றித்தான் சொன்னார். மழைக்காலத்தில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்தவர் பெட்டியை வைத்த கையோடு மாடி ஏறினார். மீன் வாடை அடித்தது. பெரியவனின் அடியை விரலால் அழுத்தினார். பழுத்த பப்பாளி போல விரல் உள்ளே போயிற்று.

சங்கரி அக்கா சிரித்த முகத்தோடு ஏறி வந்தார். "உங்க கள்ளி வத்திப்போய்லா நின்னுச்சு பாய், பாக்கவே பாவமா இருந்துச்சு. தெனம் மீன் கழுவுன தண்ணிய ஊத்துனேன். எங்க ஊர்ல முருங்கைக்கு அதான். எங்க வீட்டு மீனுக்கு வர்ற தண்ணி இந்தப் பெரிசுக்குத்தான் காணும், மத்ததுக்கு இல்ல."

பாய் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். லத்தீஃபாதான் "ஐயோ சங்கரி" என்றார். அக்காவின் முகம் வாடியது.

"செத்துருச்சா பாய்?"

"தெரிலம்மா. லத்தீஃபா, கத்தி எட்தா."

சத்தம் கேட்டு வந்த தாவீதும் நானும் முள் குத்தாமல் சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, பாய் அறுத்தார். உள்ளே பழுப்பு வளையம். இன்னும் மேலே அறுத்தார்; பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு முறையும் கத்தியைத் துடைத்துக்கொண்டார். வெள்ளரிப் பிஞ்சு போலச் சுத்தமான பச்சை தெரிந்தபோது, பெரியவன் அவர் இடுப்பளவுக்குக் குறைந்திருந்தான்.

மாடியில் ஈரம், படுக்க வைத்தால் வளைந்துவிடும். வெட்டுவாயில் சாம்பல் தடவி, கடையில் குடைகள் செருகி வைக்கும் பீப்பாயில் காய்ந்த மணலின்மேல் நிறுத்தினார்.

"இந்தக் குடை இன்னா விலை பாய்? கம்பி வெளியில நீட்டிகினு கீது" என்று தாவீது தினமும் கேட்டார்.

சங்கரி அக்காவும் மார்க்கெட் பையோடு தினமும் வந்தார்.

"வேர் விட்டுச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"நான் எதாவது செய்யட்டா?"

"ஒண்ணியும் செய்யாத."

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் பெரிய வேலையால்லா இருக்கு."

மாசிக் கடைசியில் ஒரு காலை, அக்காதான் குனிந்து பார்த்தார். "பாய், வெள்ளையா என்னமோ நீட்டுது!"

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அன்றே தொட்டியில் நட்டார். பூ இனி பல கோடைகள் தள்ளித்தான். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மண் சேர்ந்து வேர் பிடிக்கக் கொஞ்ச நாள் விட்டு, ஒரு மாலை அக்காவை மாடிக்குக் கூப்பிட்டுக் குவளையை நீட்டினார்.

"நானா? வேண்டாம் பாய்."

"முழிச்சிகினான். ஊத்தும்மா."

அக்கா குவளையை வாங்கி முதலில் மோந்து பார்த்தார்.

"நல்ல தண்ணிதான?"