மதாம் லின் சொல்லிவிட்டுப் போன வசனம்

ஆங்கில ஆசிரியராக என்னை நானே நியமித்துக்கொண்டவன் நான். பிரான்சில், லா சப்பல் கடைத்தெருவில் இருக்கும் என் மனைவியின் தையல்கடையில் எனக்கு ஒரேயொரு மாணவி இருந்தார். பக்கத்தில் கைப்பை விற்கும் சீனப் பெண்மணி மதாம் லின். லண்டனில் வளரும் பேரனுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும் என்பதால் படிக்க வந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சுதான்.

அன்று 'கோ' என்ற வினைச்சொல். ஆள் போவது, பால் கெட்டுப்போவது, காலம் போவது என்று அதன் அர்த்தங்களைப் பெருமையோடு அடுக்கினேன். அவர் இடைமறித்தார்.

"நாளைக்கு எனக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை. இப்போது பேரனோடு பேச வேண்டும். கடைசியில் என்ன சொல்லி வைப்பது?"

புத்தகத்தில் 'ஐ ஆம் கோயிங்' என்றிருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. நம் வீடுகளில் புறப்படும்போது யாராவது "போறன்" என்பார்களா? "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிக்கொடுத்து, ஏன் என்றும் விளக்கினேன்.

மனைவி மெசினை நிறுத்தினாள். "என்னப்பா, இதுவும் இங்கிலீசோ?"

"ஓம், யாழ்ப்பாணத்து இங்கிலீசு."

மதாம் லின் அங்கிருந்தே பேரனை அழைத்துப் பேசி, கடைசியில் அதைச் சொன்னார். அப்படி யாரும் சொல்வதில்லை என்று பேரன் சிரித்தது எங்களுக்கும் கேட்டது. அவர் அதையே இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

பிறகு பல வாரங்கள் அவருடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. அதில் என் கோட்டைப் போடக்கூட மனம் வரவில்லை.

ஒரு மத்தியானம் மெலிந்துபோய் வாசலில் நின்றார். உள்ளே வருமுன், "ஐ வெண்ட். ஐ கேம்," என்றார்.

இறந்தகாலத்தை நான் இன்னும் அவருக்குக் கற்பித்திருக்கவில்லை. ஊராருடைய ஆங்கிலத்தையெல்லாம் திருத்தித் திரிந்த நான், அன்றிலிருந்து யார் விடைபெற்றாலும் திருத்துவதில்லை.