உறைஞ்சுபோன மருந்து

தொண்ணூறுகளின்ர கடைசியில நாங்கள் வெளிநாட்டில, சென் ஜேம்ஸ் ரவுண் எண்ட மாடிக் குடியிருப்பில இருந்தனாங்கள். என்ர மனுசனுக்கு ரத்தப் புற்றுநோய். அதோட நெஞ்சுக்குள்ள பங்கஸ் எண்ட பூஞ்சணமும் பிடிச்சிட்டுது. நேர்ஸ் வீட்டுக்கு வந்து ஏத்திற மருந்தை ஃபிறிட்ஜில வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில தந்தவை. நான் யாழ்ப்பாணத்தில வருசக்கணக்காய் கரண்ட் இல்லாமல் இருந்தவள். கூடக் குளிர் எண்டால் கூடப் பாதுகாப்பு எண்டு நினைச்சு, ஃபிறீசருக்குள்ள வைச்சிட்டன்.

சனிக்கிழமை காலமை எடுத்தால் கட்டியாய்க் கிடந்தது; பிழை விட்டிட்டனோ எண்டு பயந்து இளக விட்டன். முந்தின மாதிரியே மஞ்சள் பாலாய்த்தான் இருந்தது. ஒண்டும் சொல்லாமல் குடுப்பம் எண்டுதான் நினைச்சன். நேர்ஸ் போத்தலைத் தொட்டுப் பார்த்திட்டு, "இது உறைஞ்சதோ?" எண்டு கேட்டா.

"ஓம்" எண்டன்.

அவ என்னை ஏசேல்லை. மருந்து கிட்னியைப் பழுதாக்காமல் இருக்க அதைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துணிக்கையளுக்குள்ள வைச்சிருக்காம். உறைஞ்சால் அதுகள் உடைஞ்சிடுமாம், இனி ஏத்தேலாதாம். ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சுப் பார்த்தா. வேற போத்தல் அடுத்த நாள்தானாம்.

"விடும், நீர் தெரிஞ்சே செய்தனீர்?" எண்டார் மனுசன், காய்ச்சலில நடுங்கிக்கொண்டு. ஏசியிருந்தால் தாங்கியிருப்பன்.

அவர் தப்பிட்டார். ஆனால் அண்டு முழுக்க என்னாலை ஏலுமாய் இருந்தது, அவரின்ர நெத்தியில ஐஸ் வைக்கிறது மட்டும்தான். அதை எடுக்கவும் அந்த ஃபிறீசரைத்தான் திறந்தன்.