எல்லாச் சட்டையிலும் நாற்பத்து நாலு

பாப்பா, ஏ பாப்பா. ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகும் வீட்டில் உனக்கு அதுதான் பேர்.

நான் எட்டாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குப் போனவள். கழுத்தில் சைஸ் லேபிள் வைத்துத் தைப்பது என் வேலை. நீ ஜூடோவில் ஜெயித்ததால் அந்தத் தனியார் பள்ளி உன்னைச் சும்மா சேர்த்துக்கொண்டது. போட்டிக்குப் போனால் மெடலோடு வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் இடம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

உன் எடை நாற்பத்தேழு கிலோ. நாற்பத்தெட்டுக்குக் கீழே உள்ள பிரிவில் பள்ளிக்காரரின் சொந்தக்காரப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். உன்னை நாற்பத்து நாலுக்கு இறங்கச் சொன்னார் ஜூடோ மாஸ்டர்.

"மூணே கிலோதான் கண்ணு, கட் பண்ணீரு. உங்கக்கா பனியன் கம்பெனிதானே? பேக்கிங் கவரு எடுத்தாரச் சொல்லு. உள்ளுக்குப் போட்டுட்டு ஓடுனா தண்ணியாக் கொட்டீரும்."

அவர் குரலிலேயே அதைப் பேசிக் காட்டினாய். "எக்கா, ஒங்க கட்டிங் மாஸ்டரு துணிய வெட்டுதாரு. எங்க மாஸ்டரு ஆளையே வெட்டுதாரு" என்று சிரித்தாய்.

"ஏட்டி, பேச்ச விட்டுட்டு சோத்தத் தின்னு" என்றாள் அம்மா. நீ தட்டை நகர்த்திவிட்டாய்.

கவரைக் கொண்டுவந்தது நான்தான். அட்டைப் பெட்டிக்குள் விரிக்கிற பெரிய பாலித்தீன் கவர். கைக்கும் கழுத்துக்கும் அளவு பார்த்துக் கத்தரித்தும் கொடுத்தேன். சரியாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

மத்தியான வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடினாய். தண்ணீர் கேட்டாயாம். இன்னும் அரைக் கிலோ இருக்கிறது என்றாராம் மாஸ்டர். கூட ஓடிய பிள்ளைகள் சொன்னார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உனக்கு உயிரும் இல்லை, உன் மேல் கவரும் இல்லை.

"ஊட்டுல இருந்தே காச்சலோட வந்திருக்குதுங்க. கவரு கிவரு எதுவும் நாங்க பாக்கலீங்க" என்றார் மாஸ்டர். அம்மா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' போட்டுச் சொன்னார். அந்த மரியாதையைக் கேட்டபோதுதான் அவர் கழுத்தைப் பிடிக்க என் கை துடித்தது. போலீஸில், கவரைக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். அதோடு என் வாயை அடைத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் அந்தப் பள்ளியின் ஜூடோ பிள்ளைகளுக்கு டீ-சர்ட் தைக்கும் ஆர்டர் எங்கள் கம்பெனிக்கே வந்தது. எல்லாம் சின்னச் சின்னச் சைஸ். நான் பெரியவர்களுக்கான லேபிள் சுருளை எடுத்தேன். எல்லாச் சட்டையிலும் நாற்பத்து நாலு வைத்துத் தைத்தேன்.

செக்கிங் அக்கா ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். "ஏங்கண்ணு, இத்தினியூண்டு சட்டைக்கு நாப்பத்தி நாலா?"

"ஆமாக்கா."

அவளுக்கு உன்னைத் தெரியும். "நா ஒண்ணும் பாக்கல சாமி" என்று மடித்துவிட்டாள்.

சட்டை கொடுக்கிற அன்று லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். மைதானத்தில் பெற்றவர்கள் கூட்டம்.

"ஏனுங்க மாஸ்டர், எல்லாத்துலயும் நாப்பத்தி நாலுன்னு போட்டிருக்குதுங்களே?" என்று ஒரு அம்மா கேட்டாள். மாஸ்டர் சிரித்து மழுப்பினார். உன்னோடு ஓடிய பிள்ளை ஒன்று, "அது செத்துப்போன அக்கா எறங்க வேண்டிய வெயிட்டுங்க" என்று சத்தமாகச் சொன்னது. கவரையும் சொன்னது, நீ தண்ணீர் கேட்டதையும் சொன்னது. பெற்றவர்கள் மாஸ்டரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டார். "தனியாப் பேசிக்கலாம், வாங்க கண்ணு."

"இங்கனயே பேசுங்க. கவரப் பாத்தீங்களா, பாக்கலியா?"

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பாத்தேன்" என்றார். அதில் 'ங்க' இல்லை.

எனக்கு வேலை போய்விட்டது. போகட்டும். அந்தச் சொல்லை அவர் போலீஸிலும் சொல்ல வேண்டும். சொல்கிறவரை தினமும் அந்தப் பள்ளி வாசலில் நிற்பேன். அவரை மன்னிக்கச் சொல்லி, இதைக் கேட்கிற நீங்கள் யாரும் என்னிடம் வராதீர்கள். கவரைக் கத்தரித்த கைக்காக நானே மன்றாடிக்கொள்கிறேன். நீங்கள் எல்லோரும் என் பாப்பாவுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கள். அங்கேயாவது அவளுக்குக் கேட்டவுடன் தண்ணீர் கிடைக்க வேண்டும்.