பாய் கடையின் நீள மேசை

போன சனிக்கிழமை காலையில் பூந்தமல்லியிலிருந்து பாய் போன் செய்தார்.

"சார், மத்தியானம் ஃப்ரீயா கீறீங்களா?"

"என்ன பாய், விசேஷமா?"

"விசேஷம்லாம் இல்ல. கடைக்கு வந்து உக்காரணும். அவ்ளோதான்."

இருபது வருஷமாக அவர் ஓட்டலில் சாப்பிடுகிறேன். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார். உட்கார வாங்க என்று கூப்பிட்டது இதுதான் முதல் முறை. சேக்காட்டில் வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பும்போதே மனசு ஒரு நிலையில் இல்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் ஆறு பேர் உட்காரும் நீள மேசை. தனியாக வருகிறவரை பாய் தனியாக விடமாட்டார். தோளைத் தொட்டு அழைத்துப் போய் இன்னொரு தனி ஆளுக்கு எதிரில் உட்கார வைத்துவிடுவார். கேட்டால், "எதிர்ல ஆள் இருந்தா மூணாவது பரோட்டா தன்னால எறங்கும் சார்" என்பார்.

ஒருமுறை பைக் நிறுத்தும் இடத்துக்காக வாசலில் ஒருவரோடு கத்திச் சண்டை போட்டுவிட்டு உள்ளே போனேன். பாய் என்னை யார் எதிரில் உட்கார வைத்தார் தெரியுமா? அதே ஆள். நடுவில் ஒரே ஒரு சால்னா வாளி. எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டே மெல்லுவது? அவர்தான் முதலில் வாளியை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு வருஷமாகக் கடையைப் பார்த்துக்கொள்வது பாயின் மகள் ஷமீலா. கெட்டிக்காரப் பெண். ஏசி வந்தது. வாசலில் பார்சல் கவுன்ட்டர் வந்தது. சுவர் நெடுக கண்ணாடி, அதைப் பார்த்தபடி ஸ்டூல்கள். போன மாதம் அதில் ஒன்றில் உட்கார்ந்தேன். எதிரில் நானே பரோட்டா மென்றுகொண்டிருந்தேன். சகிக்கவில்லை... பத்தே நிமிஷத்தில் எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை நான் போனபோது நீள மேசையில் ஏற்கெனவே ஐந்து பேர். எல்லாம் பழைய முகங்கள். மிச்சமிருந்த இடத்தில் உட்கார்ந்தேன். எதிரில் அந்த பைக் சண்டைக்காரர்.

பாய் குனிந்து கிசுகிசுத்தார். "திங்கக்கிழமை மேசைய தூக்கறாளாம் சார். பார்சல் ரேக் போடணுமாம். காலியாவே கெடக்குதுன்றா. அதான் உங்கள எல்லாம்..."

ஓகோ. நாங்கள் ஆறு பேரும் மேசை காலியில்லை என்று காட்ட வந்தவர்கள்.

ஆளுக்கு ஒரு டீ வந்தது. பேச்சுதான் வரவில்லை. பேர் கூடத் தெரியாமல் எத்தனை கதை பேசியிருக்கிறோம் இதே மேசையில். இன்றைக்கு ஒருவர் காலை ஆட்டுகிறார். ஒருவர் வாட்சைப் பார்க்கிறார். நான் செய்தித்தாளை நாலாக மடித்துப் பிரித்து மறுபடி மடிக்கிறேன். பசியோடு வந்தபோது தானாக வந்த பேச்சு, பேசுவதற்கென்றே உட்கார்ந்தால் வருமா?

முக்கால் மணி நேரம் ஆனது. ஷமீலா வந்து நின்றாள்.

"அங்கிள், ஆறு பேரு, ஆறு டீ. இதத்தானே நான் அத்தா கிட்ட சொல்லிகினு கீறேன்."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காப்பாற்றப் போன நாங்களே எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டோம்.

பார்சல் கவுன்ட்டர் முன்னால் டெலிவரிக்காரர்கள் ஹெல்மெட்டும் கையுமாக நின்றிருந்தார்கள். அதில் நாற்பது வயது தாண்டிய ஒரு பெண். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். பாய் பார்த்துவிட்டார். பழைய கை சும்மா இருக்குமா? பைக் சண்டைக்காரரின் தோளைத் தொட்டார். "அண்ணாத்தே, கொஞ்சம் எழுந்துக்க."

பிறகு அந்தப் பெண்ணிடம், "இன்னாத்துக்கும்மா நின்னுகினு கீற? வந்து உக்காரு."

"பரவால்ல பாய், இப்ப ஆர்டர் வந்துரும்."

"வந்தா உன் கைல குடுக்கறேன். உக்காரு."

என் எதிரில் உட்கார்ந்தார். "காலைலேர்ந்து இப்பதான்ணா உக்கார்றேன்" என்றார் என்னிடம். பிறகு அவரே, "வண்டி சீட்ட கணக்குல சேக்காதீங்க."

சிரித்துவிட்டேன். பேச்சு வந்துவிட்டது. சென்னீர்குப்பம் சிக்னல், மாடி ஏறிப் போனால் பூட்டியிருக்கும் வீடு, மகளின் பிளஸ் டூ... பேசியபடியே இரண்டு பரோட்டா சாப்பிட்டார். அப்புறம் திரும்பி, "பாய், இன்னொண்ணு."

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அவ்வளவுதான். ஒவ்வொரு தோளாகத் தொட்டுப் பழைய ஆட்களை எழுப்பினார். ஒவ்வொரு ஹெல்மெட்டாக மேசைக்கு வந்தது. பார்சலுக்கு வந்தவர்கள் பரோட்டா கேட்டார்கள். கல்லாவிலிருந்து ஷமீலா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தா, ரேக்க செவுத்துல மாட்டிக்கலாம்" என்றாள்.

கடைசியில் என் தோளிலும் ஒரு கை விழுந்தது. "சார், ஆள் நிக்குது..."

மறுபடியும் கண்ணாடி முன்னால், ஸ்டூலில் நான். என் முகத்துக்குப் பின்னால் மேசை நிறைந்து தெரிந்தது. நல்ல விஷயம்தான். ஆனாலும் இருப்பு கொள்ளவில்லை, திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து வலி.

அடுத்த தடவை ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே போவதாக உத்தேசம். பாய் உட்கார இடம் கொடுப்பார்.