பின்பக்கம் எழும்பாத கார்

எங்கள் முற்றத்தில் ஒரு கார் எழுந்து நின்றது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வட்டக்கச்சியில் அன்று அதைப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் காணி அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறை.

அது மாமாவின் கார். மாமா அம்மாவின் தமையன். கொழும்பில் ஒரு கந்தோரில் உத்தியோகம். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் அந்தப் பிரெஞ்சு நாட்டுக் காரை வாங்கியிருந்தார். மற்றக் கார்களுக்குக் குலுக்கத்தைத் தாங்கும் வில்லுத்தகடு இருக்கும் இடத்தில் இதற்கு எண்ணெய். எஞ்சின் ஓடினால் எண்ணெய் அழுத்தி காரைத் தூக்கும். பள்ளத்தில் விழுந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. இவ்வளவையும் மாமா கடிதத்தில் எழுதியிருந்தார். அப்பா அதை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

வாசித்ததற்குக் காரணம் இருந்தது. எனக்குப் பிறகு அம்மாவின் வயிற்றில் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. மூன்றாவதுக்கு ஆறு மாதம் ஆனபோது மறுபடியும் இரத்தம் பட்டது. கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்ன ஆஸ்பத்திரி அப்போதிக்கரி, வழியில் குலுங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். மாட்டு வண்டில் குலுங்கும், பஸ் குலுங்கும், ரயில் குலுங்கும். குலுங்காதது என்று ஒன்று இருந்தால் அது மாமாவின் கார்தான் என்று வீட்டில் முடிவாயிற்று. அன்றிலிருந்து நான் அந்தக் காரைக் காணாமலே நம்பத் தொடங்கிவிட்டேன்.

பின்னேரம் நாலு மணிபோல மாமா வந்து சேர்ந்தார். எங்கள் காணி வாசலில் வாய்க்கால் உடைப்பெடுத்துச் சேறாகக் கிடந்தது. மாமா ஆசனத்தின் பக்கத்தில் இருந்த ஒரு பிடியைத் தள்ளினார். கார் முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல உயர்ந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயலைக் கடக்கும் பெண்ணைப்போலச் சேற்றைக் கடந்து, முற்றத்தில் வந்து நின்றது. மாமா எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

அம்மா படுத்தபடியே கேட்ட முதல் கேள்வி காரைப் பற்றியதல்ல.

"அண்ணை, முறிகண்டியில நிப்பாட்டினீங்களோ?"

"நிப்பாட்ட எங்க நேரம்? உன்னைப் பாக்கத்தானே ஓடி வந்தனான்."

அம்மா முகட்டைப் பார்த்தாள். கொழும்பு வழியில் இருக்கும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கிக் கும்பிடாமல் அந்த வீதியில் வாகனம் ஓட்டிப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் மிகவும் குறைவு. மாமா அந்தக் குறைவானவர்களில் ஒருவர்.

அம்மாவுக்கு இரத்தம் பட்ட அன்று, மஞ்சள் தோய்த்த துணியில் ஒரு காசை முடிந்து சாமிப் படத்தடியில் வைத்திருந்தோம். அதுதான் எங்கள் நேர்த்தி. அதை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். பிள்ளையாரை மதிக்காத காருக்கு அதைக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. வெளியே கட்டினால் மாமா கண்டுவிடுவார். ஆகவே பின்பக்கமாகத் தவழ்ந்து அடியில் போனேன். தாராளமாக இடம் இருந்தது. ஒரு மெல்லிய கம்பியையும் அதன் பக்கத்தில் போன குழாயையும் சேர்த்து, மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கினேன். பிறகு கண்ணை மூடி, தெரிந்த தேவாரம் ஒன்றை முழுவதும் சொன்னேன். இடையில் ஒரு வரி மறந்துபோக, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.

வெளியே வரும்போது ஏதோ ஒரு இரும்பு என் முதுகைக் கீறியது. வயிறு நிலத்தில் தேய நெளிந்து நெளிந்துதான் வர முடிந்தது. எனக்கு அடிக்குள் இருந்து வெளியே வரத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பொழுதுபட அப்பா காயத்தைக் கண்டு கேட்டபோது, வேலிக்கம்பி கீறிவிட்டது என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் தேங்காயெண்ணெய் பூசிவிட்டார்.

விடிய எழுந்து பார்த்தால் கார் வயிறு நிலத்தில் தட்டாத குறையாகக் கிடந்தது. மாமா பயப்படவில்லை. அது எப்போதும் அப்படித்தான், எஞ்சின் ஓடினால் எழும்பும் என்றார். எஞ்சின் ஓடியது. முன்பக்கம் எழும்பியது. பின்பக்கம் அப்படியே கிடந்தது.

மாமா முன்பக்கத்துப் பொனற்றைத் திறந்து எண்ணெய்த் தாங்கியைப் பார்த்தார். சிவப்பு எண்ணெய் அளவுக்கு இருந்தது. அப்பா குடியேற்றத் திட்டத்து உழவு மிசின் ஓட்டுபவர். அவர் காரைச் சுற்றி வந்து நிலத்தை முகர்ந்து பார்த்தார். ஒழுக்கு இல்லை. மாமிக்கென்று ஏற்றிய அரிசி மூட்டையை இறக்கினார்கள். அப்போதும் எழும்பவில்லை. மாமா காரை வாசல்வரை ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் டக்கு டக்கென்று அடித்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, ஒவ்வொரு அடிக்கும் வயிற்றில் கையை வைத்தாள்.

"முறிகண்டியானை மதியாமல் வந்தால் இப்பிடித்தான்," என்றார் பக்கத்துக் காணி அக்கா.

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் முன்பு கண்டதில்லை. எனக்கும் பிள்ளையார்மேல் கோபம் வந்தது. நேர்த்திக் காசைக் கட்டிய பிறகும் இப்படிச் செய்யலாமா?

அப்பா மட்டும் யோசித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பம்புதானே? முன்னுக்குப் போற எண்ணெய் பின்னுக்கு ஏன் போகேல்லை? உயரம் போதுமெண்டு ஏதோ ஒண்டு அதுக்குப் பிழையாச் சொல்லுது."

மாமா நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஓம், ஒரு கம்பி இருக்கு. கார் பதிஞ்சால் அதுதான் அசைஞ்சு எண்ணெயைத் திறந்துவிடுறது."

அப்பா உடனே குனிந்தார். மாமா அவருடைய தோளைப் பிடித்து இழுத்தார்.

"பொறுங்கோ. ஜாக்கி அடிச்சு, கட்டை வைச்சிட்டுப் போங்கோ. எஞ்சினை நிப்பாட்டினால் இது கொஞ்சம் கொஞ்சமாப் பதியும். சத்தம் கேளாது. அடியில ஆள் கிடந்தால் அவ்வளவுதான்."

அந்த வார்த்தைகள் என் காதில் விழுந்தன. ஆனால் கம்பி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அகப்படப் போகிறேன் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஏறவில்லை.

பாலைமரக் கட்டைகளை அடுக்கிவிட்டு அப்பா அடியில் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கைக்குள் எதையோ பொத்திப் பிடித்திருந்தார். மஞ்சள் நுனி ஒன்று விரலிடுக்கில் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். கிட்ட வந்து, சட்டைக் கழுத்தை மெல்ல விலக்கி, என் முதுகைப் பார்த்தார். நான் அடிக்குக் காத்திருந்தேன்.

"என்ன பழுது?" என்று மாமா கேட்டார்.

"கந்தல் துணியொண்டு சுத்திக் கிடந்தது."

கட்டைகளை எடுத்து ஜாக்கியை இறக்கியதும் பின்பக்கம் மறுபடி தாழ்ந்தது. மாமா எஞ்சினை ஓட்டப் போக, அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். முழங்காலில் இருந்து, காரின் அடிக்கும் நிலத்துக்கும் நடுவே கையை விட்டு அளந்தார். சாண் கொள்ளவில்லை. நாலு விரல் கொண்டது. இன்னொரு தரம் அளந்தார். அதே நாலு விரல். பிறகு அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு புழுதியிலேயே இருந்துவிட்டார். இன்னும் ஏதோ பழுது இருக்கிறதாக்கும், அதுதான் அப்பா அளக்கிறார் என்று நான் நினைத்தேன்.

எஞ்சின் ஓடியது. இம்முறை பின்பக்கமும் எழுந்தது. அம்மாவை மெத்தை போட்டுப் படுக்க வைத்தார்கள். என்னைப் பக்கத்துக் காணி அக்காவிடம் விட்டுப் போவதாக இருந்தது. அப்பா அதைக் கேட்காதவர்போல என்னைத் தூக்கி, முன் ஆசனத்தில் தன் மடியில் வைத்துக்கொண்டார். எட்டு வயதுப் பிள்ளைக்கு மடி எதற்கு என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கை என் முதுகைவிட்டு எடுபடவில்லை.

அம்மா குலுங்காமல்தான் போனாள். தம்பி கொழும்பில் மாதம் நிறையாமல் பிறந்தாலும் பிழைத்துக்கொண்டான். அந்த மஞ்சள் துணியைப் பற்றி அப்பா கடைசிவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்று போகும் வழியில், முறிகண்டியில் மாமா தானாகவே காரை நிறுத்தினார். அப்பா துணியோடு காசை உண்டியலில் போட்டார். பிறகு இரண்டு தேங்காய் வாங்கினார்.

"ஒண்டு போதாதோ?" என்றார் மாமா.

அப்பா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒன்றை அடித்தார். சற்று நின்று மற்றதையும் அடித்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார். முதலாவது அம்மாவுக்கு என்பது எனக்கு விளங்கியது. மற்றது காருக்காக்கும் என்று நினைத்தேன்.